பால் போதும், ஆள்தான் போதவில்லை

"பிள்ளை ஓயாம அழுதுகிட்டே இருக்கு. பால் பத்தல போல."

பச்சை உடம்புக்காரி இருக்கிற வீட்டில் முதல் வாரம் முடிவதற்குள் இந்தப் பேச்சு வந்துவிடும். மாமியார் சொல்வார். பிள்ளையைப் பார்க்க வந்த சின்னம்மா சொல்வார். நாலைந்து பேர் சொல்லக் கேட்டபின் தாயே அதை நம்பத் தொடங்குவாள். மறுநாள் வேலைவிட்டு வரும் கணவன் கையில் ஒரு பால் டின் இருக்கும். அதை வாங்கி வந்தவன் மேல் குற்றமில்லை. பிள்ளை அழுகிறது, மனைவி அழுகிறாள், அவனுக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான்.

ஆனால் அந்த வீட்டில் உண்மையில் எது பத்தவில்லை என்று பார்க்க வேண்டும். மலேசியாவின் செனாய், கூலாய் வட்டாரத்தில் பல வீடுகளின் நிலைமை இதுதான். கணவன் விடியற்காலை நாலு மணிக்கு மோட்டார் சைக்கிளில் சிங்கப்பூருக்குக் கிளம்பிவிடுகிறான். பாலத்து நெரிசலைத் தாண்டி வீடு திரும்ப இரவு எட்டு, ஒன்பது ஆகிறது. பெண்ணைப் பெற்ற அம்மா பேராக்கிலோ கெடாவிலோ இருக்கிறார். பத்து நாள், பதினைந்து நாள் வந்து தங்கிவிட்டு, அங்கே அப்பாவைக் கவனிக்க ஆளில்லை என்று பஸ் ஏறிவிடுகிறார். மாமியாருக்கு மூட்டுவலி, இல்லாவிட்டால் அவரும் எங்கோ வேலைக்குப் போகிறார். கதவு சாத்திய தாமான் வீட்டுக்குள் ஒரு பெண்ணும் ஒரு சிசுவும் மட்டும். அவள் காலையில் குடித்த மைலோவுக்குப் பிறகு எதுவும் சாப்பிட்டிருக்க மாட்டாள். பிள்ளையைக் கீழே போட்டால் அழுகிறது. எடுத்தால் மார்பைத் தேடுகிறது. குளிக்கப் போகக்கூட நேரமில்லை.

இங்கே பத்தாதது ஆள். பழி மட்டும் பாலின் மேல் விழுகிறது.

எத்தனை தடவைதான் குடிக்கும்?

பிறந்த முதல் 24 மணி நேரத்தில் ஒரு பிள்ளை ஒரு வேளைக்குக் குடிப்பது 2 முதல் 10 மில்லிலிட்டர் வரைதான். தேக்கரண்டியால் அளந்தால் ஒன்று, மிஞ்சினால் இரண்டு. அப்போது சுரப்பது சீம்பால். கொஞ்சமாக, கெட்டியாக, மஞ்சளாக இருக்கும். பம்ப் வைத்து இழுத்துப் பார்த்துவிட்டு "ஒண்ணுமே வரல" என்று தாய் பயப்படுவது இந்த நாட்களில்தான். வரவேண்டிய அளவே அவ்வளவுதான் என்று யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால் அந்தப் பயமே வந்திருக்காது. மூன்றாம் நாள், நாலாம் நாள் வாக்கில் மார்பு கனத்துப் பால் இறங்கும். ஒரு மாதம் ஆவதற்குள் நாளுக்குச் சுமார் 750 மில்லி என்ற நிலைக்கு வந்துவிடும்.

வயிறு சிறியது, தாய்ப்பாலோ பவுடர் பாலைவிடச் சீக்கிரம் செரிப்பது. ஆகவே 24 மணி நேரத்தில் 8 முதல் 12 தடவை குடிப்பது ஆரோக்கியமான பிள்ளையின் இயல்பு. ஒரு தடவைக்கு அரை மணி நேரம் என்று வைத்து, ஏப்பம் எடுப்பது, பேம்பர்ஸ் மாற்றுவது, தூங்க வைப்பது எல்லாம் சேர்த்துக் கூட்டிப் பாருங்கள். எட்டு மணி நேர ஷிஃப்டைத் தாண்டிவிடும். அதுவும் துண்டு துண்டாக, இரவுபகல் பாராமல். இப்படி ஒரு வேலையைச் செய்கிறவளைப் பார்த்துத்தான் "வீட்டுல சும்மாதானே இருக்கே" என்கிறோம்.

மாலை நேரம் இன்னும் கொடுமை. ஐந்து, ஆறு மணிக்குத் தொடங்கி இரவு பத்து, பதினொன்று வரை பிள்ளை விட்டு விட்டுக் குடித்துக்கொண்டே இருக்கும். பத்து நிமிடம் குடிக்கும், தூங்குவதுபோல் இருக்கும், கீழே விட்டதும் மறுபடி முகம் சுளிக்கும். மார்பு தளர்ந்து வெறுமையாக இருப்பதாகத் தாய்க்குத் தோன்றும். பால் டின் வீட்டுக்குள் நுழைவது பெரும்பாலும் இந்த நேரத்தில்தான். உண்மையில் இப்படி அடுத்தடுத்துக் குடிப்பது பல பிள்ளைகளின் வழக்கம். இரண்டு மூன்று வார அளவிலும், மீண்டும் ஆறு வார அளவிலும், பிள்ளை சட்டென்று வளரும்போது, பகல் முழுவதும்கூட இப்படி ஆகும். அழுகையும் ஆறாவது வாரத்தை ஒட்டி உச்சத்துக்குப் போய்ப் பிறகு மெல்லக் குறையும். பால் நன்றாக இருக்கிற தாயின் பிள்ளையும் அழும்.

இரவில் குடிப்பதற்கும் காரணம் உண்டு. பால் சுரக்கச் செய்யும் புரோலாக்டின் என்ற ஹார்மோன் இரவில்தான் கூடுதலாக இருக்கும். மார்பு எந்த அளவுக்குக் காலியாகிறதோ அந்த அளவுக்கு அடுத்த பால் உற்பத்தியாகும். நிறைந்தே இருந்தால் உற்பத்தி குறையும். எனவே முதல் வாரங்களில் இரவுப் பாலை ஒரேயடியாகப் புட்டிக்கு மாற்றிவிட்டால், பகலில் சுரக்கிற பாலும் சில நாட்களில் குறையத் தொடங்கும். "பத்தல" என்று பயந்து கொடுத்த புட்டியே பத்தாமல் ஆக்கிவிடும்.

போதுமான அளவு குடிக்கிறதா என்பதைப் பேம்பர்ஸைப் பார்த்துச் சொல்லிவிடலாம். ஆறாம் நாளிலிருந்து ஒரு நாளைக்கு ஆறு தடவையாவது நன்றாக நனைய வேண்டும். கறுப்பு மலம் போய், நாலைந்து நாளில் மஞ்சளாக மாறியிருக்க வேண்டும். முதல் நாட்களில் எடை 7 முதல் 10 விழுக்காடு வரை குறையலாம். இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்ப வேண்டும். இவை சரியாக இருந்தால் அழுகையை வைத்துப் பாலை அளக்காதீர்கள்.

வலித்தால் பிடிப்பில் கோளாறு

களைப்பில் பாதிக்குக் காரணம் வலி. ஒவ்வொரு தடவையும் பல்லைக் கடித்துக்கொண்டு கொடுக்கிறவள் அடுத்த வேளையை நினைத்தே நடுங்குவாள். காம்பு வெடித்து ரத்தம் கசிவதைப் "பழகிடும்" என்று சொல்லித் தள்ளக்கூடாது. பெரும்பாலும் அது பிள்ளை வாய் வைக்கும் முறையில் உள்ள பிழை.

பிள்ளையின் காது, தோள், இடுப்பு ஒரே நேர்கோட்டில் இருக்க, வயிறு தாயின் வயிற்றை ஒட்டியிருக்க வேண்டும். காம்பால் மேலுதட்டையும் மூக்கையும் லேசாக உரசினால் பிள்ளை கொட்டாவி விடுவதுபோல் வாயைத் திறக்கும். அந்த நொடியில் பிள்ளையை மார்புக்குக் கொண்டு வர வேண்டும்; மார்பைப் பிள்ளையிடம் குனிந்து கொண்டு போனால் முதுகும் போகும், பிடிப்பும் போகும். காம்பு மட்டுமல்லாமல் கறுப்பு வளையத்தின் பெரும்பகுதி, முக்கியமாகக் கீழ்ப்பகுதி, வாய்க்குள் போயிருக்க வேண்டும். கீழுதடு வெளியே மடிந்திருக்கும். தாடை மார்பில் அழுந்தியிருக்கும். முதலில் வேகமாகச் சப்பி, பால் இறங்கியதும் ஆழமாக, நிதானமாக, விழுங்கும் சத்தம் கேட்கக் குடிக்கும். கன்னத்தில் குழி விழுந்தாலோ 'டக் டக்' என்று சத்தம் வந்தாலோ பிடிப்பு சரியில்லை. சுண்டு விரலை வாயோரத்தில் நுழைத்து விடுவித்து, மறுபடி வைக்க வேண்டும்.

பிரசவித்த வீட்டுக்கு முதல் நாட்களில் அரசாங்கக் கிளினிக்கிலிருந்து மிஸ்ஸி வருவார். தையலைப் பார்ப்பார், பிள்ளைக்கு மஞ்சள் காமாலை ஏறியிருக்கிறதா என்று பார்ப்பார். அவர் கிளம்புவதற்குள், "நான் பால் கொடுக்கிறத கொஞ்சம் பக்கத்துல இருந்து பாருங்க மிஸ்ஸி" என்று கேளுங்கள். வெட்கப்பட வேண்டாம். காணொளியில் தேடியலைவதைவிட அந்தப் பத்து நிமிடம் பெரிய உதவி. ஒருக்களித்துப் படுத்தபடி கொடுக்கவும் அவரிடமே கற்றுக்கொள்ளுங்கள். தையல் வலியோடு ஒவ்வொரு தடவையும் எழுந்து உட்காரத் தேவையிருக்காது.

நம் நாட்டு வீடுகளில் ஸ்பிரிங் தொட்டில் இல்லாத வீடு குறைவு. இப்போது மோட்டார் வைத்ததும் வந்துவிட்டது. பிள்ளை தலையைத் திருப்பித் தேடும்போதும் கையைச் சப்பும்போதும் பசிக்கிறது என்று அர்த்தம். அப்போது தொட்டிலை ஆட்டி ஆட்டித் தூங்க வைத்தால் அந்த வேளைப் பால் தவறும். மஞ்சள் ஏறிய பிள்ளை இன்னும் மோசம். சோர்ந்து தூங்கிக்கொண்டே இருக்கும், கேட்காது. அதை எழுப்பித்தான் கொடுக்க வேண்டும். சீனித் தண்ணீர் கொடுத்தால் மஞ்சள் இறங்கும் என்று இன்னமும் சிலர் சொல்கிறார்கள். இறங்காது. பாலின் இடத்தை அந்தத் தண்ணீர் பிடித்துக்கொள்ளும், அவ்வளவுதான்.

சிங்கப்பூரில் ஒரு பேச்சு

பால் டின்னுக்கும் இந்த மண்ணுக்கும் உள்ள உறவு பழையது. ஜமைக்காவில் பிறந்த சிசிலி வில்லியம்ஸ் என்ற மருத்துவர் 1930களில் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் பணியாற்ற வந்தார். செவிலியர் போல உடையணிந்த விற்பனைப் பெண்கள் தாய்மாரைத் தேடிப் போய், இனிப்பு சேர்த்த டின் பாலைப் பிள்ளைக்குக் கொடுக்கச் சொல்வதைக் கண்டார். அதைக் குடித்த பிள்ளைகள் நோயில் விழுந்து சாவதையும் கண்டார். 1939-ல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் அவர் ஆற்றிய உரைக்குத் தலைப்பே 'பாலும் கொலையும்'. தாய்ப்பாலுக்கு மாற்றான உணவுகளின் விளம்பரத்தைக் கட்டுப்படுத்தும் அனைத்துலக விதிமுறையை உலக சுகாதார நிறுவனம் கொண்டு வந்தது 1981-ல்தான்.

ஜப்பானியர் காலத்தில் அவர் சாங்கி சிறையில் அடைக்கப்பட்டார். பஞ்சமும் நோயும் நிறைந்த அந்த முகாமில் 20 பிள்ளைகள் பிறந்தன, இருபதும் தாய்ப்பால் குடித்தன, இருபதும் பிழைத்தன என்று பிற்காலத்தில் அவரே சொன்னார். இதை இன்றைய தாயிடம் சொல்லி, "அவங்களால முடிஞ்சது, உன்னால முடியாதா?" என்று கேட்பது பெரும் அநியாயம். எனக்கு அந்தச் செய்தியில் வேறொன்று தெரிகிறது. அங்கே பெண்கள் கூட்டமாக, ஒரே கூரையின் கீழ் இருந்தார்கள். பிள்ளை பெற்றவள் தனியாக இல்லை. பக்கத்திலேயே ஒரு டாக்டரும் இருந்தார்.

மலேசியா இந்த விஷயத்தில் கண்ணை மூடிக்கொண்டிருந்த நாடல்ல. பால் மாவு விற்பனைக்கான நெறிமுறையை 1979-லேயே கொண்டு வந்தது. 1998-ல் அரசாங்க மருத்துவமனைகள் எல்லாமே தாய்ப்பாலுக்கு ஆதரவான மருத்துவமனைகளாக அங்கீகாரம் பெற்றன. அப்படியிருந்தும் 2016-ல் சுகாதார அமைச்சு எடுத்த தேசிய ஆய்வில், ஆறு மாதத்துக்குட்பட்ட பிள்ளைகளில் தாய்ப்பால் மட்டுமே குடித்தவை 47.1 விழுக்காடுதான். அதே ஆண்டு இலங்கையில் எடுத்த ஆய்வில் அது 82 விழுக்காடு. நம் பெண்களின் உடம்பு வேறு, இலங்கைப் பெண்களின் உடம்பு வேறு என்று யாரும் சொல்ல முடியாது. மருத்துவமனையில் சரியாகத் தொடங்குகிற தாய் வீட்டுக்கு வந்தபின் எப்படி வாழ்கிறாள் என்பதில்தான் வித்தியாசத்தைத் தேட வேண்டும்.

லயத்திலிருந்து தாமானுக்கு

இந்த வட்டாரம் ஒரு காலத்தில் ரப்பரும் செம்பனையும் நிறைந்த தோட்டப்புறம். தோட்டத்து வாழ்க்கையை நினைத்து ஏங்குவதற்கு எதுவுமில்லை. பால் மரம் சீவப் போன தாய் சில வாரத்துப் பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுத்தான் விடியற்காலைப் பெரட்டுக்கு ஓடினாள். மார்பு கட்டி, சட்டை நனைந்து, வெயிலில் வாளி தூக்கினாள். அந்தத் தலைமுறையின் கஷ்டம் இன்று யாருக்கும் வேண்டாம். ஆனால் லயத்தில் இருந்த ஒன்று தாமானில் இல்லை. பிள்ளை அழுதால் பக்கத்து வீட்டுப் பாட்டி கேட்காமலே வந்து வாங்கிக்கொள்வார். யாரோ ஒருத்தி ரசம் வைத்துக் கொண்டு வருவாள். தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளும் தொழிற்பேட்டைகளுமாக மாறியபோது சம்பளம் உயர்ந்தது, வீட்டுக்குக் கிரில் கதவு வந்தது, அந்தப் பாட்டி தொலைந்துபோனார்.

சட்டம் கொஞ்சம் கை கொடுத்திருக்கிறது. 2023 ஜனவரி 1 முதல் தனியார் துறைத் தாய்மாருக்குப் பேறுகால விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாகியது. தந்தைக்கு முதன்முறையாக 7 நாள் சம்பளத்துடன் விடுப்பு வந்தது. இதற்குத் தந்தை அதே முதலாளியிடம் ஓராண்டு வேலை செய்திருக்க வேண்டும், பேறுகாலத்துக்கு 30 நாள் முன்பே தெரிவிக்க வேண்டும். இதைத் தெரியாமல் விட்டவர்கள் இருக்கிறார்கள். ஏழாம் மாதத்திலேயே கடிதம் கொடுத்துவிடுங்கள்.

ஆனால் எல்லை தாண்டிப் போகிறவனுக்கு இந்த ஏழு நாள் கிடையாது. சிங்கப்பூர் அரசாங்கம் தரும் தந்தை விடுப்பு, பிள்ளை சிங்கப்பூர்க் குடிமகனாக இருந்தால்தான். செனாயில் பிறக்கும் மலேசியப் பிள்ளைக்கு அது பொருந்தாது. அங்கே வேலை செய்யும் மலேசியத் தாய்க்கும் 16 வாரத்துக்குப் பதில் 12 வாரம்தான். இரு நாட்டுப் பொருளாதாரமும் சாய்ந்து நிற்பது இந்தத் தொழிலாளர்களின் தோளில். அவர்கள் வீட்டில் ஒரு பிள்ளை பிறக்கும்போது, அதன் தகப்பன் ஒரு வாரம் வீட்டில் இருக்க வழி செய்யாதது பெரிய குறை. இதை இரு நாட்டு அரசாங்கங்களும் பேசியாக வேண்டும். வேலைக்குத் திரும்பிய தாய் ஷிஃப்ட் நடுவே பால் எடுக்க இடைவேளை தரும் அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பின் 183-ஆம் உடன்படிக்கையிலும் மலேசியா இன்னும் சேரவில்லை.

பத்தியமும் தூக்கமும்

பத்தியச் சாப்பாட்டை நான் மதிக்கிறேன். பால் சுறாப் புட்டு, பூண்டுக் குழம்பு, முருங்கைக்கீரை, அறுவை செய்த உடம்புக்கு ஹருவான் மீன். எல்லாம் நல்ல சத்து. 1991-ல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வில், தாய் பூண்டு சாப்பிட்டபின் பிள்ளைகள் வழக்கத்தைவிட அதிக நேரம் மார்பில் இருந்தன என்று கண்டார்கள். பால் பெருகியதாக அந்த ஆய்வு காட்டவில்லை. எந்தக் குழம்பையும்விட, யாரோ ஒருவர் உட்கார்ந்து தனக்காகச் சமைத்துப் பரிமாறுகிறார் என்பதுதான் பத்தியத்தின் பெரிய மருந்து.

ஆனால் பத்தியம் என்ற பெயரில் தண்ணீரைக் குறைப்பதை நிறுத்த வேண்டும். காய்கறியும் பழமும் "குளிர்ச்சி" என்று ஒதுக்குவதால் மலச்சிக்கலும் தையல் வலியும் கூடுகின்றன. பாலூட்டும் தாய்க்கு நாளுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாக வேண்டும். தாகத்துக்குத் தக்கபடி தண்ணீர் குடிக்க வேண்டும். பால் கொடுக்க உட்காரும் இடத்திலேயே கைக்கெட்டும் தூரத்தில் ஒரு பாட்டில் தண்ணீரும் ஒரு டப்பாவில் வேர்க்கடலையோ பேரீச்சம்பழமோ வைத்துவிட்டு வேலைக்குப் போகிற கணவன் பெரிய காரியம் செய்கிறான்.

தூக்கத்தைப் பற்றிப் "பிள்ளை தூங்கும்போது நீயும் தூங்கு" என்ற அறிவுரை எல்லாரும் சொல்வதுதான். பிள்ளை தூங்கும்போது துணி துவைக்க வேறு ஆள் இருந்தால்தான் அது நடக்கும். ஒரு நாளில் ஒரு தடவையாவது மூன்று மணி நேரம் உடையாத தூக்கம் கிடைத்தால் தாயின் நிலைமை மாறும். அதற்குத் தகப்பன் தேவை. ஒன்பது மணிக்கு வீடு வந்து குளித்துச் சாப்பிட்டபின், மனைவி பால் கொடுத்து முடித்ததும் பிள்ளையை வாங்கிக்கொள்ளட்டும். ஏப்பம் எடுக்கட்டும், பேம்பர்ஸ் மாற்றட்டும், தோளில் போட்டு நடக்கட்டும். அடுத்த பாலுக்கு அழும்வரை அவளை எழுப்ப வேண்டாம். விடியற்காலை எழ வேண்டியவன் என்பது உண்மை. இரவு முழுவதும் விழிக்கச் சொல்லவில்லை. அந்த ஒரு தவணை மட்டும். லீவு நாளில் இன்னும் அதிகம்.

இன்னொன்று, உயிர் சம்பந்தப்பட்டது. களைத்த தாய் சோஃபாவில் பிள்ளையை மார்பில் போட்டபடி கண்ணயர்வது மிகவும் ஆபத்து. பிள்ளை இடுக்கில் நழுவி மூச்சுத் திணறக்கூடும். தூக்கம் வரும் என்று தெரிந்தால் கெட்டியான மெத்தையில், தலையணையும் தடித்த போர்வையும் இல்லாத இடத்தில் படுத்துக் கொடுங்கள். புகைபிடிப்பவர், மது அருந்தியவர் அந்தப் படுக்கையில் இருக்கக்கூடாது.

அவள் அழுதால்

பிரசவமான மூன்று, ஐந்து நாட்களில் காரணமில்லாமல் அழுகை வருவது சகஜம். இரண்டு வாரத்தில் போய்விடும். அதற்குப் பிறகும் தொடர்ந்தால், பிள்ளை தூங்கியபோதும் தூக்கம் வராவிட்டால், பிள்ளையைப் பார்க்கவே பிடிக்காவிட்டால், "நான் இல்லாட்டி நல்லது" என்ற எண்ணம் வந்தால், அது நோய். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் பிரசவித்த பெண்களில் சுமார் 13 விழுக்காட்டினருக்கு மனநலக் கோளாறு வருகிறது, பெரும்பாலும் மனச்சோர்வு. கண்ணேறு, காத்துக்கருப்பு என்று நாள் கடத்த வேண்டாம். கிளினிக்கில் சொல்லுங்கள். சுகாதார அமைச்சின் ஹீல் எண் 15555-க்கு அழைக்கலாம். குணமாகக்கூடிய நோய் இது.

பிள்ளை பாலுக்கு எழுப்பியும் எழாமல் துவண்டால், உள்ளங்கை, பாதம் வரை மஞ்சள் பரவினால், 38 டிகிரிக்குக் காய்ச்சல் வந்தால், தாயின் மார்பு சிவந்து கட்டிக் குளிர்காய்ச்சல் வந்தால், அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

சில பெண்களுக்கு உண்மையிலேயே பால் குறைவாக இருக்கும். தைராய்டு கோளாறு, பிரசவத்தில் அதிக ரத்தப்போக்கு, மார்பில் நடந்த அறுவை, இப்படிக் காரணங்கள் உண்டு. பிள்ளை எடை ஏறாமல் டாக்டர் பால் மாவு கொடுக்கச் சொன்னால் கொடுங்கள். முடிந்தவரை மார்பிலும் கொடுத்தபடியே. அதில் எந்தப் பாவமும் இல்லை. புட்டி பிடித்த தாயைப் பார்த்து முகம் சுளிப்பவர்கள், பால் பத்தலை என்று சொல்லி அவளைப் பயமுறுத்தியவர்களுக்குக் கொஞ்சமும் சளைத்தவர்கள் அல்ல.

இதைப் படிக்கிற உங்களுக்கு அடுத்த வாரம் பிள்ளை பார்க்கப் போக வேண்டியிருக்கலாம். போங்கள். சட்டையும் பொம்மையும் வேண்டாம். ஒரு அடுக்கு டிபன் கேரியரில் சோறும் குழம்பும் கொண்டு போங்கள். உட்கார்ந்து தேநீர் கேட்காதீர்கள். சிங்கில் கிடக்கும் பாத்திரத்தைக் கழுவுங்கள், மூத்த பிள்ளை இருந்தால் கடைக்கு அழைத்துப் போங்கள். பால் பத்துதா என்று மட்டும் கேட்காதீர்கள். "சாப்பிட்டியா? பிள்ளைய என்கிட்ட குடு, நீ போய்ப் படு" என்று சொல்லுங்கள்.